வருகைப் பதிவேட்டில் ஆனந்தசெல்வி

இங்கன யாரும் வாராங்களா தம்பி? இல்லையா? அப்ப கொஞ்சம் உள்ள தள்ளிக்கிடுங்க. ஜன்னல் உங்களுக்கே இருக்கட்டும், எனக்கு எதிர்காத்து ஆகாது. அந்த மாஸ்க்கை மட்டும் மூக்குக்கு மேல ஏத்திக்கிடுங்க. தப்பா நினைக்காதீங்க, எனக்குச் சுகர் இருக்கு. பள்ளிக்கூடமே திறந்தாச்சு, இன்னும் என்ன பயம்னு கேப்பீங்க. திறந்தாச்சு, சரி. திறந்ததாலதான் எனக்கு இந்தச் சீரழிவு.

தென்காசிக்குத்தானே போறீங்க? நானும் அங்கதான். கல்வி ஆபீஸ்ல ஒரு கடிதம் கொடுக்கணும். மெமோவுக்குப் பதில். முப்பத்திரெண்டு வருஷ சர்வீஸ்ல எனக்கு வந்த முதல் மெமோ தம்பி. வார மே மாசம் ரிட்டயர்மென்ட். மாலை போட்டு, சால்வை போத்தி அனுப்ப வேண்டிய மனுசனுக்கு மெமோ அனுப்பியிருக்காங்க. என்ன விஷயம்னு கேளுங்க. ஒரு பிள்ள பேரு ரெஜிஸ்டர்ல இருக்கலாமா, எடுத்துறணுமா? இவ்வளவுதான். இதுக்குத்தான் நான் மூணு நாளாத் தூங்கல.

நான் ஆவுடைக்குறிச்சி தொடக்கப் பள்ளிக்கூடத்துல ஹெச்.எம். சங்கரபாண்டியன்னு கேட்டா இந்தச் சுத்துவட்டாரத்துல சொல்லுவாங்க. சின்னப் பள்ளிக்கூடம். நாப்பத்தியொரு பிள்ளைங்க. வாத்தியார் ரெண்டே பேரு. நான் ஒண்ணு, ஜெபக்கனி டீச்சர் ஒண்ணு. அந்தம்மாவப் பத்திப் பெறவு சொல்லுதேன். சொல்லாம இருக்க முடியாது.

போன வருஷம் மார்ச்சுல கொரோனான்னு சொல்லிப் பூட்டினாங்கள்லா? அப்ப ஒவ்வொரு ஹெச்.எம்.மும் என்ன செஞ்சாங்க? வாட்ஸப்ல ஒரு குரூப் ஆரம்பிச்சாங்க. காலையில ஒரு ரோஜாப்பூ படம், அதுக்குக் கீழ இனிய காலை வணக்கம். ரெண்டு கணக்கைப் போட்டோ எடுத்துப் போட்டாங்க. கடமை முடிஞ்சுது, கால நீட்டிப் படுத்துட்டாங்க. எங்க ஊர்ல அதெல்லாம் நடக்காது. பாதிக்கு மேல பீடி சுத்துற வீடுங்க. பட்டன் போன்தான். அதுல ரோஜாப்பூவும் தெரியாது, கணக்கும் தெரியாது.

நான் யோசிச்சேன். பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தொடர்பு அந்து போயிரக்கூடாது. அதுக்கு என்ன வழி? யாருக்கும் தோணாத வழி ஒண்ணு எனக்குத் தோணுச்சு. போன்ல அட்டென்டன்ஸ்.

ஆமா தம்பி, போன்ல. சிரிக்காதீங்க. தினமும் ஒன்பது மணிக்கு நான் ஒத்தையில பள்ளிக்கூடத்தத் திறப்பேன். ஒன்பதரைக்கு மணிய நானே அடிப்பேன். ஒரு பிள்ள கிடையாது, காக்கா உக்காந்திருக்கும். ஆனாலும் அடிப்பேன். அந்தச் சத்தம் ஊருக்குள்ள கேக்கணும்லா. பெறவு ரெஜிஸ்டர விரிச்சு வச்சுக்கிட்டு ஒண்ணாம் வகுப்புலேர்ந்து வரிசையாப் போன் போடுவேன். பேரச் சொல்லுவேன். அந்தப் பக்கத்துலேர்ந்து "உள்ளேன் ஐயா"ன்னு வரணும். ஹலோன்னு சொன்னா ஏத்துக்க மாட்டேன். பள்ளிக்கூடத்துல எவனாவது ஹலோன்னு அட்டென்டன்ஸ் சொல்லுவானா? முதல்ல நாலஞ்சு நாள் அழுகையும் சிரிப்புமா இருந்துது. பெறவு ஊரே பழகிட்டு. குழாயடியில சண்டை போட்டுக்கிட்டு நிக்கவங்க கூட, "ஏட்டி, சார் கூப்பிடுத நேரம்"னு குடத்தப் போட்டுட்டு வீட்டுக்கு ஓடுவாங்களாம். கேக்கவே நிறைவா இருக்கும்.

ஒரு கண்டிப்பும் வச்சிருந்தேன். ஒரு வாரம் சேர்ந்தாப்புல பதில் வரலைன்னா பேர எடுத்துருவேன்னு சொல்லியிருந்தேன். எடுக்க மாட்டேன் தம்பி. சும்மா ஒரு பயத்துக்கு. பயம் இல்லாம என்ன படிப்பு?

அட்டென்டன்ஸோட விட்டுருவேனா? ஆளுக்கு ரெண்டு நிமிஷம். ஒரு வாய்ப்பாடு சொல்லணும். புத்தகத்தத் திறந்து, நான் சொல்லுத பக்கத்துல, விரல வச்சுக்கிட்டு ஒரு பத்தி வாசிக்கணும், பெறவு அதையே நோட்டுல எழுதி வைக்கணும். தப்பா வாசிச்சா எனக்குக் குரல்லயே தெரிஞ்சுரும். நாப்பத்தியொரு பிள்ளைக்கும் முடிக்கப் பன்னெண்டு மணி ஆயிரும். காது சூடாயி, இந்தா, இந்தப் பக்கம் இன்னும் இரையுது. ஒன்றரை வருஷம் தம்பி. எந்த ஹெச்.எம். செஞ்சான்? சொல்லச் சொல்லுங்க.

டிக்கெட்டா? தென்காசி ஒண்ணு. சில்லறை இருக்குய்யா, இந்தா.

எங்க விட்டேன்? ஆங், ஆனந்தசெல்வி.

பூட்டும்போது மூணாங்கிளாஸ். தகப்பன் கேரளாவுக்கு கட்டட வேலைக்குப் போனவன், பெறவு ஆளக் காணோம். அம்மா பேரு முப்பிடாதி. பீடி சுத்துறா. பிள்ள மந்தம். பொய் சொல்லப்படாது, மந்தம்தான். முதல் ஆறு மாசம் "உள்ளேன் ஐயா"ன்னு சொல்லுததே கெணத்துக்குள்ளேர்ந்து வார மாதிரி இருக்கும். ரெண்டாம் வாய்ப்பாட்டுல பாதிக்கு மேல போக மாட்டா. வாசிக்கச் சொன்னா பேசாம இருப்பா. நானும் திட்டித் திட்டி ஓஞ்சு போனேன்.

போன வருஷத் தீபாவளிக்கு நாலு நாள் லீவு விட்டேன். லீவு முடிஞ்சு போன் போட்டா, பிள்ள ஆளே மாறிட்டு தம்பி! ஒரே மணியில எடுத்து "உள்ளேன் ஐயா"ன்னா. கணீர்னு. கொஞ்சம் கட்டின குரல். தடிமனாட்டீ, சளி பிடிச்சிருக்கான்னு கேட்டேன். ஆமா சார்னா. மிளகு தட்டிப் போட்டு வெந்நி குடின்னேன். அன்னைக்கு ரெண்டாம் வாய்ப்பாட்டத் தடவித் தடவி முடிச்சுட்டா. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துட்டு. பொங்கலுக்குள்ள நாலாம் வாய்ப்பாடு. பங்குனியில ஆறு. வாசிப்பும் அப்படித்தான். முதல்ல எழுத்து எழுத்தா, பெறவு சொல்லு சொல்லா. நான் மத்தப் பிள்ளைங்களுக்கு ரெண்டு நிமிஷம் கொடுத்தா இவளுக்குப் பத்து நிமிஷம் கொடுப்பேன். அவதான் நாளைக்கு எந்தப் பக்கம் சார்னு கேப்பா. முப்பத்திரெண்டு வருஷத்துல எத்தனை பிள்ள என்கிட்ட அப்படிக் கேட்டிருக்கும்? விரல் விட்டு எண்ணிரலாம்.

ஒரு நாள் சமூக அறிவியல் புத்தகத்துல தமிழ்நாட்டுப் படம். மாவட்டத்த எல்லாம் வாசிக்கச் சொன்னேன். வாசிச்சுட்டு, "சார், திருப்பூர் நம்ம ஊர்லேர்ந்து எவ்வளவு தூரம்? படத்துல மூணு விரக்கடை இருக்கு, நிஜத்துல எவ்வளவு?"ன்னு கேட்டா. பாத்தீங்களா, பூகோளத்துல ஆர்வம்! பஸ்ஸுல ஒரு ராத்திரிப் பயணம்டீன்னு சொன்னேன். அந்தப் பக்கம் மூக்க உறிஞ்சுத சத்தம். தடிமன் கூடிட்டுன்னு நினைச்சேன்.

தடிமன் மட்டும் போகல. ஒரு வருஷம் தம்பி. நானும் ஒரு வருஷமா மிளகு தட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன். பின்னால கத்தரி வெட்டுத சத்தம் கிறுக்கு கிறுக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். என்னட்டீ அதுன்னா, இலை வெட்டுதேன் சார்னா. அம்மாவுக்கு ஒத்தாசையா இருக்கா, பாடமும் சொல்லுதான்னு மத்த பிள்ளைங்ககிட்ட எல்லாம் இவளத்தான் உதாரணம் காட்டினேன்.

எனக்கு எப்படித் தம்பி தெரியும்? நீங்களே சொல்லுங்க.

இந்த ஜெபக்கனி டீச்சர் இருக்காங்கள்லா, அவங்களுக்கு போன்ல பேசுதது ஒப்பாது. ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டு தெருத்தெருவாப் போயிருவாங்க. தண்ணித் தொட்டிப் பக்கத்துல அஞ்சு பிள்ள, கோயில் வாசல்ல ஆறு பிள்ளன்னு உக்கார வச்சுப் பாடம் எடுப்பாங்க. எதாவது ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா பதில் சொல்ல வேண்டியது யாரு? ஹெச்.எம். நான்! "சார், ஒரு தடவ நீங்களும் வாங்களேன், பிள்ளைங்க ஆசையாக் கேக்குது"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. எனக்குச் சுகர் முன்னூறு. எம்மா, பிள்ளைங்க குரல நான் தினமும் கேக்கேன், போதும்னுட்டேன்.

ஆடி மாசம்னு நினைக்கேன். ஒரு நாள் வந்து நிக்காங்க. "சார், ஆனந்தசெல்வி ஊர்லயே இல்ல. மூணு தடவ அந்தத் தெருவுக்குப் போயிட்டேன், பிள்ளையப் பாக்கவே முடியல. அவங்க அம்மாவும் பேச்ச மாத்துறாங்க"ன்னு சொன்னாங்க.

எனக்கு வந்த ஆத்திரத்துல ரெஜிஸ்டரத் தூக்கி முன்னால போட்டேன். "இந்தா பாரும்மா. இன்னைக்குக் காலையில ஏழாம் வாய்ப்பாடு தப்பில்லாம சொல்லியிருக்கா. ஒரு நாள் ஆப்சென்ட் கிடையாது. நாப்பத்தியொரு பிள்ளையில நூத்துக்கு நூறு அட்டென்டன்ஸ் இவ ஒருத்திதான். நீ கண்ணால பாக்கலைங்கதுக்காக பிள்ள இல்லைன்னு ஆயிருமா?"ன்னு கேட்டேன். ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. நான் கேட்டது நியாயம்தானே? ரெஜிஸ்டர நம்பாம ஒரு ஹெச்.எம். வேற எத நம்ப?

சத்துணவு அமைப்பாளரம்மாவும் ஒரு நாள் சொன்னாங்க. மாசாமாசம் பிள்ளைங்களுக்கு அரிசி, பருப்பு, முட்டை கொடுத்தாங்கள்லா, ஆனந்தசெல்வி வீட்டுலேர்ந்து மட்டும் யாரும் வந்து வாங்கலையாம். மானமுள்ள குடும்பம்னு நினைச்சுக்கிட்டேன். இப்ப அதையும் சொல்லிச் சிரிக்காங்க.

சரி, நடந்ததக் கேளுங்க. பூட்டியிருந்த காலத்துல நல்லா முன்னேறின பிள்ள ஒண்ணப் பத்தி எழுதி அனுப்புங்கன்னு ஆபீஸ்லேர்ந்து கேட்டாங்க. நான் யாரப் பத்தி எழுதுவேன்? ரெண்டு பக்கம் எழுதினேன். ஒண்ணும் தெரியாத பிள்ள, போன் வழியாவே எட்டாம் வாய்ப்பாடு வரைக்கும் வந்து, பத்தி பத்தியா வாசிக்குதுன்னு எழுதினேன். எழுதும்போது எனக்கே கண்ணு கலங்கிட்டு. அதப் படிச்சுட்டு வட்டாரக் கல்வி அலுவலர் மேடம், பள்ளிக்கூடம் திறக்கிற அன்னைக்கு நானே வந்து அந்தப் பிள்ளையப் பாக்கேன்னு சொல்லிட்டாங்க. எங்க ஊருக்கு இதுவரைக்கும் எந்த அலுவலரும் திறப்புக்கு வந்தது கிடையாது.

நவம்பர் ஒண்ணாந்தேதி. வாசல்ல பலூன் கட்டி, மாவிலை கட்டி, கேசரி கிண்டி, வார பிள்ளைங்க நெத்தியில மிஷின வச்சுக் காய்ச்சல் பாத்து உள்ள விடுதோம். பெத்தவங்க எல்லாம் கேட்டுக்கு வெளியில நிக்காங்க. அன்னைக்கு உள்ள விடல. நாப்பது பிள்ள வந்தாச்சு. ஆனந்தசெல்வியக் காணோம். குளிச்சு ரெடியாக நேரம் ஆயிருக்கும்னு நான் வாசலையே பாத்துக்கிட்டிருக்கேன். மேடம் கார்ல வந்து இறங்கிட்டாங்க.

"எங்க சார், உங்க ஆனந்தசெல்வி?"

நான் என்ன செஞ்சேன்? கூட்டத்துல எங்கயாவது நிக்கும்னு, ரெஜிஸ்டர விரிச்சு, காலையில கூப்பிடுத அதே குரல்ல கூப்பிட்டேன். "ஐந்தாம் வகுப்பு, ஆனந்தசெல்வி."

"உள்ளேன் ஐயா"ன்னு சத்தம்.

வகுப்புக்குள்ளேர்ந்து இல்ல தம்பி. கேட்டுக்கு வெளியிலேர்ந்து. அதே குரல். அதே தடிமன். பாத்தா முப்பிடாதி நிக்கா. சொல்லிட்டு வாயப் பொத்திக்கிட்டா. வாய் தவறி வந்துட்டு அவளுக்கு. ஒரு வருஷமாச் சொன்ன வாயில்லா?

முதல்ல ஒரு நிமிஷம் யாருக்கும் புரியல. பெறவு ஒரு பய சிரிச்சான். அப்புறம் கேட்டுக்கு வெளியிலயும் சிரிப்பு, உள்ளயும் சிரிப்பு. நான் ரெஜிஸ்டரக் கையில வச்சுக்கிட்டு நிக்கேன்.

மேடம் சிரிக்கல. "உள்ள வாங்கம்மா. நீங்க யாரு?"ன்னு கேட்டாங்க.

"ஆனந்தசெல்விக்கு அம்மா."

"பிள்ள எங்க?"

"திருப்பூர்ல எந்தங்கச்சி வீட்ல இருக்கா. தங்கச்சி பனியன் கம்பெனிக்குப் போறா, கைப்பிள்ளையப் பாத்துக்கிட ஆள் இல்ல. இங்க பீடிக் கம்பெனியில அப்ப சரியா இலையும் தூளும் கொடுக்கல. ஒரு நேரக் கஞ்சிக்கும் வழியில்லாம இருந்தோம். போன தீபாவளி முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போயிட்டாக."

"அப்ப சார்கிட்ட போன்ல பேசினது?"

"நாந்தான் மேடம்."

"எதுக்கும்மா? அரிசிக்கா, முட்டைக்கா?"

"அரிசி வாங்கல மேடம். பிள்ள இங்க இல்லாம எப்படி வாங்க? ஒரு வாரம் சத்தம் இல்லைன்னா பேர எடுத்துருவேன்னு சார் சொல்லியிருந்தாக. பேரு இருந்தாத்தானே அவ திரும்பி வர முடியும்?"

பாத்தீங்களா தம்பி! என்னக் கோத்து விட்டுட்டா. நான் விளையாட்டுக்குச் சொன்னத எடுத்து மேடம் முன்னால வச்சுட்டா. அவளுக்கு எவ்வளவு சாமர்த்தியம்!

அத்தோட விட்டாங்களா? "எட்டாம் வாய்ப்பாடு சொன்னது யாரு?"ன்னு கேட்டாங்க. அதுவும் நாந்தான்னா. சொல்லுங்க பாப்போம்னாங்க மேடம். கையக் கட்டிக்கிட்டு நின்னா. ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறுன்னு ஆரம்பிச்சு ஒரு இடத்துல தடுங்கல. நான் சொல்லிக்கொடுத்த அதே இழுவை, நான் மூச்சு விடுத இடத்துல அவளும் மூச்சு விடுதா. முடிச்ச உடனே பிள்ளைங்க கைதட்டுச்சு. ஜெபக்கனி டீச்சரும் கைதட்டினாங்க. நான் மட்டும் தட்டல. எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் பாடத்த ஒருத்தி ஒரு வருஷமாத் திருடியிருக்கா, அவளுக்குக் கைதட்டு!

நான் பிள்ளைக்குன்னு எடுத்து வச்ச பத்து நிமிஷம் தம்பி அது. முப்பத்தஞ்சு வயசுப் பொம்பளைக்கு எதுக்கு எட்டாம் வாய்ப்பாடு? பீடிய எண்ணவா?

மேடம் போகும்போது என்னத் தனியாக் கூப்பிட்டு, "ஒரு வருஷத்துல ஒரு தடவை கூடப் பிள்ளைய நேர்ல பாக்கலையா சார்?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான். மூணாம் நாள் மெமோ. ஊர்ல இல்லாத பிள்ளைக்கு ஒரு வருஷம் வருகை போட்டது எப்படி? விளக்கம் கொடுக்கணுமாம்.

எங்க சங்கத்துல ஒருத்தர் இருக்காரு, இந்த மாதிரிக் கடிதம் எழுதுததுல கெட்டிக்காரர். அவருதான் வழி சொன்னாரு. "பழியத் தாய் மேல போடும். ஏமாத்திட்டாங்க, தெரிஞ்ச உடனே பேர எடுத்துட்டேன்னு எழுதும். பேரு ரெஜிஸ்டர்ல இருக்க இருக்க கேள்வி வந்துக்கிட்டேதான் இருக்கும். ரிட்டயராகுத நேரத்துல பென்ஷன் பேப்பர் நின்னுக்கிடும்"னாரு. நியாயமான பேச்சு. அந்தப் பிள்ளைக்கும் ஒண்ணும் நட்டம் இல்ல. பெறவு எங்கயாவது சேர்ந்து படிச்சுக்கிடட்டும்.

இதுக்குள்ள ஜெபக்கனி டீச்சர் என்ன செஞ்சாங்க தெரியுமா? ரெண்டு நாள் லீவு போட்டுட்டு திருப்பூருக்குக் கிளம்பிட்டாங்க. யாரு போகச் சொன்னா? நேத்து சாயங்காலம் அங்கேர்ந்து போன் பண்ணுதாங்க. "சார், பிள்ளையப் பாத்துட்டேன். அவ சித்தி அனுப்புறேன்னு சொல்லிட்டாங்க, கைப்பிள்ள நடக்க ஆரம்பிச்சுட்டாம். ஆனா ஆனந்தசெல்விதான் வரப் பயப்படுறா. என்னப் பாத்த உடனே முதல் கேள்வி, 'டீச்சர், எம் பேரு இருக்கா'ன்னுதான் கேட்டா. பேரு இல்லைன்னா வரலையாம். இருக்குன்னு சொல்லட்டுமா சார்?"

நான் என்ன சொல்ல? கடிதம் எழுதி முடிச்சு முன்னால வச்சிருக்கேன். யோசிச்சுச் சொல்லுதேம்மான்னு வச்சுட்டேன். சவம், ராத்திரி முழுக்க அதே கேள்விதான்.

இன்னைக்குக் காலையில முப்பிடாதியப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். கடிதத்துக்குக் கீழ அவ வாக்குமூலம் ஒண்ணு வேணும், ஏமாத்துனது நாந்தான்னு. அதுக்குக் கைநாட்டு வைக்கணும். மைப்பெட்டி எல்லாம் தயாரா எடுத்து வச்சிருந்தேன். வந்தா. பேப்பரக் கையில கொடுத்து, "கீழ இந்த இடத்துல வை"ன்னு காட்டினேன்.

அவ மைப்பெட்டியத் தொடவே இல்ல. பேப்பர வாங்கி மேஜையில விரிச்சு, முதல் வரியில விரல வச்சா.

வாசிக்கா தம்பி! கைநாட்டு வைக்க வந்தவ வாசிக்கா! உதடு அசையுது, விரல் நகருது. அனுப்புநர்லேர்ந்து ஆரம்பிச்சு வரி வரியா வாரா. எட்டே முக்கால் பஸ் போயிட்டு. நான் நிக்கேன். "ஆபீஸ் பாஷைம்மா, உனக்குப் புரியாது, சீக்கிரம் வையி"ன்னேன். "ஒரு நிமிஷம் சார்"னு சொல்லிட்டு வாசிக்கா. ஏமாத்துனேன்னு இருந்த வரியெல்லாம் தாண்டிப் போயிட்டா. கடைசியில ஒரு இடத்துல விரல் நின்னுட்டு. 'மாணவியின் பெயர் நீக்கம் செய்யப்பட்டது.'

"இது வேண்டாம் சார்"னா.

"அது சும்மா ஒரு வார்த்தைம்மா."

"இந்த வார்த்தை எனக்குத் தெரியும் சார். என்னையும் இப்படித்தான் எழுதுனாக."

பெறவு பழைய சேர்க்கைப் பதிவேட்ட எடுத்துப் பாத்தேன். உண்மைதான். எங்க பள்ளிக்கூடத்துலயே ரெண்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கா. நீண்ட நாள் வராமை, பெயர் நீக்கம்னு செவப்பு மையில எழுதியிருக்கு. எனக்கு முன்னால இருந்த ஹெச்.எம். யாரோ எழுதினது. பாத்துக்கிடுங்க, அப்பவே ஒழுங்கா வராதவ. அவகிட்ட போயி நான் ஒரு வருஷம் மாட்டியிருக்கேன்.

என் சட்டைப் பையில ரெண்டு பேனா இருந்துது. "தாங்க சார்"னு நீலத்த எடுத்துக்கிட்டா. எனக்குத் தடுக்கவும் தோணல. அந்த வரிய ஒரே கோடா அடிச்சா. மேல, எடம் விட்டு, 'திங்கட்கிழமை வருவாள்'னு எழுதினா. கீழ முப்பிடாதின்னு கையெழுத்துப் போட்டா. போட்டுட்டு பேப்பர ரெண்டு கையாலயும் என்கிட்ட நீட்டிக்கிட்டு நிக்கா. போக மாட்டேங்கா. சிலேட்ட நீட்டிக்கிட்டு ஒண்ணாங்கிளாஸ் பிள்ள நிக்கும்லா, அப்படி.

அந்த இடத்துலதான் தம்பி நான் கெட்டேன். முப்பத்திரெண்டு வருஷக் கை. எழுதிக் கொண்டாந்து ஒருத்தர் முன்னால நீட்டினா, என்ன ஏதுன்னு பாக்காது. செவப்புப் பேனாவ எடுத்தேன், பெருசா ஒரு ரைட் போட்டேன். போட்ட பெறகுதான் நான் என்ன செஞ்சிருக்கேன்னு எனக்கே தெரியுது. அவ அதப் பாத்துட்டுச் சிரிச்சுக்கிட்டே போயிட்டா. இந்நேரம் திருப்பூருக்குப் போன் போட்டிருப்பா.

இந்தா, நீங்களே பாருங்க. மேல என் விளக்கம், கீழ அவ கையெழுத்து, நடுவுல அடிச்ச வரி, அதுக்கு மேல என் ரைட்டு. மேலதிகாரிக்குக் கொடுக்குத கடிதத்துல எவனாவது ரைட் போடுவானா? வேற பேப்பர்ல எழுதலாம்தான். ஆனா ரைட்டுன்னு போட்டுட்டு, இனி தப்புன்னு எந்தக் கையால எழுத? கிட்டத்துல வச்சுப் பாருங்க தம்பி. கோடு போடாத வெள்ளைத்தாளு, அவ எழுதுனதுல ஒரு எழுத்துச் சாயல. இவ்வளவு நேரா எழுதினா நான் என்ன செய்ய?